பீச் வரைக்கும் சீசன் டிக்கெட்

என் மச்சான் சவுரிமுத்துவை நான் ஒருநாள் வேவு பார்த்திருக்கிறேன் என்று இப்போது சொன்னால், தாம்பரத்தில் பாதிப் பேர் என்னை அடிக்க வருவார்கள். வரட்டும். என்னை அனுப்பியது என் அக்கா மெட்டில்டா. கட்டிக்கொண்டவளே சந்தேகப்பட்டால் தம்பி என்ன செய்வான்?

1986 ஜூலை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்ததும் அக்கா என்னை சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கைப்பையைத் திறந்து ஒரு சீசன் டிக்கெட்டை நீட்டினாள். மச்சானின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இருந்ததாம். தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும்.

"அடுத்த ஸ்டேஷன்ல வேல பாக்குற மனுஷனுக்குப் பீச் வரைக்கும் சீசன் எதுக்குடா ஐசக்?"

நியாயமான கேள்வி. அவர்கள் வீடு முடிச்சூர் ரோட்டில். மச்சானுக்கு வேலை சானடோரியத்தில், நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில். காலையிலிருந்து வார்டு வார்டாகப் பால், ரொட்டி வண்டி தள்ளுவார். நாலு மணிக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் கொஞ்ச நாளாக வீட்டுக்கு வர எட்டாகிறது. கேட்டால் ஓவர்டைம் என்கிறாராம். பால் வண்டிக்கு என்ன ஓவர்டைம், மாடு லேட்டாகவா கறக்கிறது?

"அது மட்டுமில்லடா, இதப் பாரு" என்று அக்கா ஒரு நீல இன்லண்டு லெட்டரை எடுத்தாள். மேலே அழகான கையெழுத்தில் முகவரி: சரசு, மே/பா. சவுரிமுத்து, முடிச்சூர் ரோடு, தாம்பரம்.

"யாருடா இந்த சரசு? என் வூட்டு அட்ரஸ்ல அவளுக்கு இன்னா வேலை?"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. நான் குரோம்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மாஸ்டர். துப்புத் துலக்குவதெல்லாம் எனக்கு வராது. ஆனாலும் அக்கா அழுதால் நான் தாங்கமாட்டேன். டிக்கெட்டை மச்சானின் சட்டைப் பையிலேயே திரும்ப வைக்கச் சொல்லிவிட்டு, மறுநாளே லீவு போட்டேன்.

திங்கட்கிழமை நாலரை மணி வண்டியில் சானடோரியத்தில் மச்சான் ஏறினார். நான் அடுத்த பெட்டியில் ஏறினேன். பல்லாவரத்தில் இறங்கினார். நானும் இறங்கினேன். ஸ்டேஷனை விட்டு வெளியே போய், வாசலில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியில் ஒரு கடிதத்தைப் போட்டுவிட்டு ஓட்டமாகத் திரும்பி, அடுத்த வண்டியைப் பிடித்தார். பரங்கிமலையிலும் அதே கதை. கிண்டியில் இரண்டு கடிதம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவர் படியேறி இறங்க, நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, வண்டி நகரும்போது தொற்றி ஏற, கிண்டியில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு மாம்பலத்தில் இறங்கினால், மனுஷன் டீக்கடையில் கையில் இரண்டு கிளாஸோடு நிற்கிறார்.

"பல்லாவரத்துலேர்ந்து பாத்துகினுதான் வர்றேன். இன்னாத்துக்குடா இந்த ஓட்டம்? டீ குடி, ஆறிடும்."

எனக்கு மானமே போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. "சரசு யாரு மச்சான்?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுச் சொன்னார். சரசு என்பவள் பெண்கள் வார்டில் எட்டாம் நம்பர் கட்டில். பத்தொன்பது வயது, நெஞ்சில் காசநோய். அவளைப்போல ஆஸ்பத்திரியில் நிறையப் பேர். ஊருக்குக் கடிதம் எழுதுவார்கள். அதை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பெட்டியில் போட்டால் 'தாம்பரம் சானடோரியம்' என்று முத்திரை விழும். அந்த முத்திரையை முதலில் படிக்கிறவர் ஊர் போஸ்ட்மேன். அடுத்து டீக்கடை. வீட்டுக்காரர்கள் கடைசி.

மூன்று மாசத்துக்கு முன்னால் யேசுதாசன் என்று ஒரு வாத்தியார் சேர்ந்திருந்தாராம். பெண்டாட்டிக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினார். கடிதம் போய்ச் சேர்ந்த மறுவாரம், அந்த ஊர் டீக்கடையில் அவர் மச்சினனுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். குழாயடியில் அந்த அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். "இனி கடுதாசி போடாதீங்க, பிள்ளைங்களால வெளிய தல காட்ட முடியல" என்று பதில் வந்தது. வாத்தியார் அந்தப் பதிலைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பால்கூடக் குடிக்கவில்லை.

"சாவு வந்தாகூட தேவல, ஒரு முத்திரைக்கு மனுஷன் அழுவறத பாக்க முடியலடா. அன்னிக்கே போய் சீசன் எடுத்தேன்" என்றார் மச்சான். "மாதா மேல சத்தியமா, உங்க அக்காகிட்ட சொல்லாததுக்கு ஒரே காரணம் அது பயந்துக்கும்னுதான்."

அதற்கப்புறம் அவர் வைத்திருந்த ஏற்பாட்டைக் கேட்டு நான் அசந்துபோனேன். எல்லாம் தலைக்குள்ளேதான். ஊருக்கு எழுதுகிற கதைப்படி, பதினேழாம் கட்டில்காரருக்குப் பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை, அதனால் அவர் கடிதத்துக்குப் பல்லாவரம் முத்திரை. சரசு கிண்டியில் ஒரு டாக்டரம்மா வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறாள். வயசான ஒரு நோயாளி ஹார்பரில் வாட்ச்மேன், அவருக்காகத்தான் பீச் வரைக்கும் சீசன். ஊரிலிருந்து வரும் பதில்கள் முடிச்சூர் ரோடு முகவரிக்கு வரும். மறுநாள் பால் வண்டியில் ரொட்டிக்குக் கீழே வைத்து அந்தந்தக் கட்டிலில் கொடுத்துவிடுவார்.

அக்காவிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கையெடுத்துக் கும்பிடுவாள் என்று நினைத்தேன். "ஐயோ, அந்தக் கடுதாசியெல்லாம் இத்தினி நாளா சட்டைப் பையில வெச்சிகினா என் பக்கத்துல படுத்தீங்க?" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், தெருவே கூடிவிட்டது. டாக்டரே வந்து காகிதத்தில் ஒட்டாது என்று சொல்லியும் ஒரு மாதம் வரைக்கும் அவர் கொண்டுவரும் எதையும் இடுக்கியால் எடுத்து மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டாள். நாள் போகப்போக, "எட்டாம் நம்பருக்கு இந்த வாரம் கடுதாசி வரலியே, அவ அம்மாவுக்கு இன்னா ஆச்சோ" என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். போஸ்ட்மேன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இந்த வூட்ல மொத்தம் எத்தினி பேருதாம்மா கீறீங்க?" என்று கேட்டதற்கு, "ஹாஸ்டல் நடத்துறேன்" என்று கதவைச் சாத்தினாளாம். அக்கா அப்படித்தான், நம்மாள் என்று எடுத்துக்கொண்டால் விடமாட்டாள்.

இப்போது சேட்டு கதைக்கு வருகிறேன். செய்யாறு பக்கத்துப் பையன், இருபத்துநாலு வயது. வைகாசியில் சேர்ந்தான். அப்பா இல்லை. ஊரில் அம்மா கங்கையம்மாள், தங்கை செல்லம்மா. மாம்பலத்தில் பாத்திரக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்து கட்டிலில் படுத்திருந்தான். காரணம், செல்லம்மாவுக்கு அப்போதுதான் வந்தவாசியில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். அண்ணனுக்குக் காசம் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண்ணை எவன் கட்டுவான்? வாராவாரம் மாம்பலம் முத்திரையோடு ஒரு கடிதம் போனால்தான் கல்யாணம் நிற்காமல் நடக்கும் என்று சேட்டு நம்பினான். நாங்களும்தான்.

ஆடி மாதம் அவனுக்கு ரொம்ப முடியாமல் போயிற்று. இருமினால் ரத்தம். எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டும். அந்த வாரக் கடிதம் நின்றுபோகும் நிலை. நான் பெரிய மேதாவிபோல, "நான் தமிழ் மெஷின்ல ஜோரா டைப் அடிச்சுத் தர்றேன், கீழ அவன் கையெழுத்து மட்டும் போட்டா போதும்" என்றேன்.

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டைப் அடிச்ச கடுதாசி எப்போடா வூட்டுக்கு வரும்? கோர்ட்டுலேர்ந்து வரும், இல்லாட்டி புள்ள செத்துட்டான்னு கம்பெனியிலேர்ந்து வரும். அந்தம்மா கவரப் பாத்தே மயங்கி வுழுந்துடும். வாய மூடிகினு இரு."

பதினைந்து வருஷமாக டைப்ரைட்டிங் மாஸ்டர் நான். எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. கடைசியில் சேட்டுவே எழுதினான். மல்லாந்து படுத்து, காகிதத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டால் பால்பாயின்ட் பேனாவில் மை வராது. அதனால் பென்சிலால் எழுதினான். அரைப் பக்கம் எழுத ஒரு மணி நேரம். 'நான் நலம். கடையில் நல்ல வியாபாரம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.' நான் கூடவே நின்றிருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பதில்களை செல்லம்மாதான் எழுதுவாள், அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாப் பதிலிலும் கடைசியில் ஒரே வரி. 'கல்யாணத்துக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. அம்மா பார்க்கலாம் என்கிறது.' ஆவணி போயிற்று. ஐப்பசியும் போயிற்று. முகூர்த்தமெல்லாம் வந்து வந்து போகிறது, தேதி மட்டும் வரவில்லை. சேட்டு உடைந்துபோனான். "மாப்ள வூட்டுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுண்ணா. என்னாலதான் அது வாழ்க்க பாழாப்போச்சு" என்று மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தான்.

அந்த அழுகையைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் அதில் என் திருட்டுத்தனம் ஒன்று இருந்தது. புரட்டாசியில் மச்சானுக்குக் காய்ச்சல் வந்து ஒருநாள் கடிதங்களை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். பல்லாவரத்தில் இறங்கியபோது கொட்டு கொட்டென்று மழை. எவன் மாம்பலம் வரைக்கும் போவது என்று அத்தனையையும் பல்லாவரம் பெட்டியிலேயே தள்ளிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். அதில் சேட்டுவின் கடிதமும் இருந்தது. பாத்திரக் கடை மாம்பலத்தில், முத்திரை பல்லாவரத்தில்!

மச்சானிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அக்கா சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் டங்கென்று வைத்தாள். நானும் தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் சேட்டு பக்கத்தில் உட்கார்ந்து அவன் மாத்திரையை விழுங்கும்வரை எழுந்திருக்கவில்லை. பாவம் செய்தவன் வேறென்ன செய்வது?

கார்த்திகையில் அவனுக்கு உடம்பு தேற ஆரம்பித்தது. மார்கழியில் சளியை இரண்டு தடவை பரிசோதித்துவிட்டு, இனி யாருக்கும் ஒட்டாது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசைக்குப் போய் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் ஓர் அம்மாவும் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவரும் நிற்கிறார்கள்.

"சேட்டு இங்கதானே தங்கிகீறான்? நான் அவன் அம்மா, கங்கையம்மா. இவரு சம்பந்தி. பத்திரிகை வெக்க வந்தோம்."

அக்கா ஒரு நொடிகூடத் திகைக்கவில்லை. "வாங்க வாங்க! தம்பி கடைக்குப் போயிருக்கு. ஞாயித்துக்கிழமைதான் அங்க கூட்டம் ஜாஸ்தி. இதோ, இவரு போய்க் கூட்டிகினு வருவாரு" என்று மச்சானை வாசல் பக்கம் தள்ளினாள். மச்சான் சைக்கிளை எடுத்தார் பாருங்கள், ஸ்டாண்டைத் தள்ளிவிடக்கூட மறந்து அது தரையில் உரசிக்கொண்டே போயிற்று. அக்கா இரண்டு மணி நேரம் காபி, முறுக்கு, சாப்பாடு என்று வந்தவர்களை வாய் திறக்கவே விடவில்லை.

மச்சான் டாக்டரிடம் அனுமதி வாங்கி சேட்டுவை அழைத்து வந்தார். உடுத்தியிருந்தது நான் முன்பு அவனுக்குக் கொடுத்திருந்த என் பழைய சட்டை. தோளில் நிற்காமல் தொங்கியது. சம்பந்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இன்னாப்பா, இப்படி எளச்சிட்டே?"

சேட்டு வாயைத் திறக்குமுன் கங்கையம்மாள் முந்திக்கொண்டாள். "மெஸ்ஸு சோறு திங்கறவன் பின்ன எப்படி இருப்பான்? நான் ஒரு மாசம் ஆக்கிப் போட்டா சரியாயிடுவான்."

"அது சரி. கடை மாம்பலம்ன்றீங்க. நடுவுல ஒரு கடுதாசிக்குப் பல்லாவரம் முத்திரைன்னு போஸ்ட்மேன் சொன்னாராமே?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரக்கெடுக்கப் போயிருப்பான். கடைக்காரன் சும்மா உக்கார வெச்சா சம்பளம் குடுப்பான்? உங்க புள்ள கூடத்தான் அரிசி மண்டியில வேல, போளூருக்கும் ஆரணிக்கும் போவல?" என்றாள் கங்கையம்மாள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. பெரியவர் சிரித்துவிட்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அந்த அம்மா இரண்டே பொய்யில் முடித்துவிட்டாள். ஆனால் அந்த இரண்டு பொய்யையும் அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சாப்பாட்டுக்கப்புறம் சம்பந்தி பாயில் சாய்ந்தார். சேட்டு அவருக்கு விசிறிக்கொண்டிருந்தான். கங்கையம்மாள் கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் அடிபம்புக்கு வந்தாள். அங்கே நானும் மச்சானும் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றிருந்தோம். மடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே சேட்டு எழுதிய கடிதங்கள் அத்தனையும்.

"எந்த ஆஸ்பத்திரி சாமி?" என்றாள் மெதுவாக.

மச்சான் பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் கடிதங்களைத் துவைக்கிற கல்லின் மேல் மாத வரிசையில் பரப்பினாள். "நான் படிக்காதவ. நீங்கள்லாம் கடுதாசில சேதியப் பாப்பீங்க. எனக்கு எழுத்தத்தான் பாக்கத் தெரியும். அதுலயும் எனக்குத் தெரிஞ்ச ஒரே எழுத்து, மேல கீதே, இந்தப் புள்ளையார் சுழி. அவன் ஒண்ணாங்கிளாஸ் படிக்கசொல்ல கரியால சுவரெல்லாம் இதைப் போட்டு என்கிட்ட அடி வாங்கினவன். வைகாசில பாரு, நல்லா சம்மணம் போட்டு உக்காந்துகீது. ஆடில பாரு."

பார்த்தோம். பென்சிலால் போட்ட பிள்ளையார் சுழி ஒருபக்கமாகச் சரிந்து, அடிக்கோடு பாதியில் அறுந்து கிடந்தது. கீழே வரியெல்லாம் சரிந்து காகித மூலைக்கு ஓடியிருந்தது. எத்தனை முறை என் கையால் ஒட்டிய கடிதங்கள் அவை! ஒருநாளும் நான் அதைப் பார்க்கவில்லை.

"புள்ளையாரே படுத்துட்டாரு. படுத்துகினு எழுதறவன் கை இது. கடைல வேல செய்யறவன் ஏன் படுத்துகினு எழுதறான்? செல்லம்மா 'அண்ணன் நல்லாகீதாம்மா'ன்னு படிக்குது. நானும் 'சரி, நல்லாகீட்டும்'னு கேட்டுகினேன். ராத்திரியில இதை மட்டும் விளக்குகிட்ட வெச்சிப் பாப்பேன். யாருகிட்ட சொல்ல முடியும்? சொன்னா பொண்ணு கல்யாணம் போச்சு."

"அதுக்குத்தான் தேதி…" என்றார் மச்சான்.

"மாப்ள வூட்ல ஆவணியிலயே நெருக்கினாங்க. நான்தான் நாளு சரியில்ல, கெரகம் சரியில்லன்னு தள்ளிகினு வந்தேன். மாப்ளைக்குக் கால் கழுவ மச்சான்காரன் வாணாமா? அவன் இல்லாம எந்தக் கையால கழுவறது?" அவள் கார்த்திகைக் கடிதத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "இது இங்க் பேனாவுல எழுதி வந்துது. பாரு, புள்ளையார் எழுந்து உக்காந்துட்டாரு. அன்னிக்கே ஜோசியர் வூட்டுக்குப் போனேன்."

சவுரிமுத்து அழுதார். நாற்பத்தெட்டு வயசு மனுஷன், பம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? கங்கையம்மாள் கடிதங்களை மறுபடி மடியில் கட்டிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லாதீங்க. பொய் சொல்லி அம்மாவக் காப்பாத்திட்டோம்னு சந்தோஷமா கீறான். இருந்துட்டுப் போவட்டும்."

மாசியில் கல்யாணம் நடந்தது. நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். சேட்டு செம்பில் தண்ணீர் எடுத்து மாப்பிள்ளையின் காலைக் கழுவியபோது அக்கா என் சட்டையில்தான் மூக்கைச் சிந்தினாள். அது போகட்டும். நான் சொல்ல வந்தது கங்கையம்மாள் வந்துபோனதற்கு மறுநாள் நடந்தது.

"இனிமே எதுக்கு மச்சான் ஸ்டேஷன் ஸ்டேஷனா ஓடறீங்க? அம்மாக்காரிங்கதான் கண்டுபிடிச்சிடறாங்களே" என்று காலையில் கேட்டேன்.

"முத்திரை ஊர்க்காரனுக்குடா. அது அதுபாட்டுக்கு ஓடட்டும்" என்றார். பிறகு அக்காவிடம் போய் வீட்டில் இருந்த தலையணைகளில் இரண்டைக் கேட்டார். இடுக்கியால் கடிதம் எடுத்த அதே அக்கா, உறை மாற்றிக் கொடுத்தாள். அவற்றை என் தலையில் ஏற்றி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரொட்டி வண்டியைப் பெண்கள் வார்டில் எட்டாம் நம்பர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சரசு படுத்தபடியே அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்திருந்தாள். மச்சான் அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு தலையணையையும் அவள் முதுகுக்கு அண்டக்கொடுத்தார். தன் சட்டைப் பையிலிருந்து இங்க் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

"நிமிந்து உக்காந்து எழுதும்மா. உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுண்ணா" என்றாள் சரசு.

"தெரியாதா? அப்ப இன்னும் நல்லா நிமிந்து உக்காரு."